பை வைத்திருப்பவரிடம் கேட்கும் கேள்விகள்: கல்யாண வீட்டில் யாருக்கு, எவ்வளவு, எப்போது அன்பளிப்பு?

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் பணப்பை என் தோளில் ஏறிவிடும். பெண்ணுக்குத் தாய்மாமன், பையனுக்குச் சித்தப்பா என்று முறை மாறும், பை மாறாது. திருச்சி, கரூர், கும்பகோணம் என்று இதுவரை பதினேழு கல்யாணம். ஒவ்வொன்றிலும் முதல் நாள் சாயங்காலம் யாராவது என்னைத் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போய் அதே சந்தேகங்களைக் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். தொகை எல்லாம் ஐந்நூறு, அறுநூறு இலை விழுகிற நடுத்தரக் கல்யாணத்தில் நான் கொடுத்துவரும் கணக்கு. உங்கள் ஊருக்கும் வசதிக்கும் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

"பேசின காசைக் குடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு மாமா தனியா?"

பேசின காசு பேசின ஆளுக்குப் போகிறது. சமையல் காண்ட்ராக்டர், மண்டபக்காரர், ஸ்டூடியோ முதலாளி இவர்களோடுதான் நாம் உட்கார்ந்து பேசினோம். ராத்திரி ரெண்டு மணிக்குத் தேங்காய் துருவுகிறவரோடு யாரும் பேசவில்லை. அன்பளிப்பு அந்த மாதிரி ஆட்களுக்கு. கட்டாயமா என்றால் கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால் ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆனால் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பாக்கி, பிறகுதான் அன்பளிப்பு. காண்ட்ராக்டருக்கு இருபதாயிரம் பாக்கி வைத்துவிட்டு, பரிமாறுகிறவர் கையில் நூறு ரூபாயைத் திணித்துப் பெரிய மனுஷனாகக் கூடாது. அந்த இருபதாயிரத்திலிருந்துதான் அவருக்குக் கூலி வர வேண்டும். பேட்டாவையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிரைவர் பேட்டா வாடகையோடு சேர்ந்தது, கொடுத்தே ஆக வேண்டும்.

"மொத்தமா எவ்வளவு ஒதுக்கி வைக்கணும்?"

நான் 15,000 ரூபாய் தனியாக எடுத்து வைப்பேன். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மிஞ்சும். தொகையைவிடச் சில்லறைதான் முக்கியம். நூறு ரூபாய் நோட்டு எழுபது, இருநூறு ரூபாய் இருபத்தைந்து, ஐந்நூறு ஆறு. அதுபோக ஒரு ரூபாய் நாணயம் ஐம்பது. ஒரு வாரம் முன்பே பேங்கில் சொல்லி வைத்து வாங்கிவிடுவேன். முகூர்த்தத்தன்று காலையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டு மொய் எழுதுகிற மேஜையில் போய் நிற்பது மகா அவஸ்தை. அங்கே எண்ணிக்கொண்டிருக்கிற மச்சான் ஏற்கெனவே கடுப்பில் இருப்பார்.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த வாரம் எங்கள் வீட்டில் கல்யாணம். கவரெல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு வைத்து ஒட்டித் தயாராக இருந்தது. ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். மேளக்காரர்களுக்குத் தை பிறந்த பிறகு அவர்கள் ஊருக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போதிருந்து கவரை முதல் நாள் சாயங்காலத்துக்கு முன்னால் ஒட்டுவதில்லை.

"கவர்ல வெச்சுத்தான் குடுக்கணுமா? ஜிபே பண்ணிட்டா என்ன?"

மேளக்காரர், புரோகிதர், சமையல் மாஸ்டர் மூவருக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வைத்துக் கொடுங்கள். மற்றவர்களுக்குக் கவரே தேவையில்லை. நோட்டை இரண்டாக மடித்து, பேரைக் கேட்டு, கையில் கொடுத்தால் போதும். ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று அந்த ஒற்றை ரூபாய் சேர்க்கும் வழக்கம் தட்டுக்கு மட்டும்தான். பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு இருநூற்றொன்று கொடுத்தால், அந்த ஒரு ரூபாய் வழுக்கிச் சாக்கடையில் விழும். விழுந்திருக்கிறது.

ஜிபே பற்றி என் அபிப்பிராயம்: கேட்டரிங்குக்கு வரும் காலேஜ் பையன்களுக்கு அதுதான் வசதி, அவர்களே க்யூஆரைக் காட்டுவார்கள். ஆனால் "எல்லாருக்கும் சேர்த்து என் நம்பருக்குப் போட்டுருங்க சார்" என்று ஒருவர் சொன்னால் போடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

"பரிமாறுற பசங்களுக்கு காண்ட்ராக்டர்கிட்டயே மொத்தமாக் குடுத்துடலாம்ல?"

நானும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்தில் இருபது பையன்கள். தலைக்கு நூறு என்று சூப்பர்வைசரிடம் ரெண்டாயிரம் கொடுத்தேன். அவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். மத்தியானம் ஆளை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், அந்தப் பையன்களில் நாலு பேர் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு நின்றார்கள். "அண்ணன் குடுத்தாரா தம்பி?" என்று கேட்டேன். "என்ன அண்ணே?" என்றார்கள். அந்த நாலு பேருக்கு அங்கேயே கொடுத்தேன். மீதிப் பதினாறு பேர் அதற்குள் எந்தெந்த ஊர் பஸ்ஸிலோ ஏறிப் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு என் முறை இது. கடைசிப் பந்தி முடிந்து, பையன்கள் தங்களுக்கு இலை போட்டுக்கொண்டு உட்காருவார்கள் பாருங்கள், அப்போது போவேன். எல்லாரும் ஒரே வரிசையில் இருப்பார்கள், யாரும் விட்டுப்போக வழியில்லை. இலைக்குப் பக்கத்தில் வைக்காமல், சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு வரும்போது ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். வளர்பிறை முகூர்த்த நாளென்றால் இன்னும் உஷார் தேவை. பாதிப் பேர் காலை டிபன் முடிந்ததும் அடுத்த மண்டபத்துக்கு ஓடிவிடுவார்கள். ராத்திரி ரிசப்ஷனுக்கு வந்த செட்டும் காலை செட்டும் வேறுவேறாக இருக்கும். ராத்திரி ஆட்களுக்கு ராத்திரியே கொடுத்துவிட வேண்டும்.

இலை எடுக்கிறவர்களைப் பரிமாறுகிறவர்களோடு சேர்த்து எண்ணாதீர்கள். தனி ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், பந்திக்கு நாலைந்து பேர். நாம் எழுந்து போன பிறகுதான் அவர்கள் வேலை ஆரம்பிக்கிறது, அதனால் நம் கண்ணில் படவே மாட்டார்கள்.

"'பாத்துக் குடுங்க'ன்னு சொல்றாங்களே, அதுக்கு எவ்வளவு அர்த்தம்?"

கூலி பேசும்போது சொன்னால் அர்த்தம் ஒன்று, வேலை முடிந்த பிறகு சொன்னால் அர்த்தம் வேறு. முதலிலேயே "உங்க இஷ்டம், பாத்துக் குடுங்க" என்றால் அங்கேயே நிறுத்தி ஒரு தொகையைப் பேச வைத்துவிடுங்கள். கோலம் போடும் அக்கா, தேர் மாதிரி கார் ஜோடிக்கும் பையன், கேஸ் சிலிண்டர் தூக்குகிறவர் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நம் மனசில் முந்நூறு இருக்கும், அவர்கள் மனசில் ஆயிரம் இருக்கும், ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருப்போம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்னால் அந்தச் சிரிப்பு நின்றுபோகும்.

வேலை முடிந்த பிறகு சொன்னால், பேசின கூலிக்கு மேல் ஒரு டீ, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு எதிர்பார்க்கிறார் என்று பொருள். நூறிலிருந்து இருநூறு. அதற்கு மேல் கேட்டால் மறுப்பதில் தப்பே இல்லை.

"சமையல் மாஸ்டர்தான் காண்ட்ராக்டரே. அவருக்கும் தனியா செய்யணுமா?"

பணமாக வேண்டியதில்லை, மரியாதையாகச் செய்யலாம். முதல் நாள் அடுப்பு பற்றவைக்கும்போது மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துச் சூடம் காட்டுவார்கள். அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் சமையல்கட்டுக்குள் வந்து, வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் நூற்றொரு ரூபாயும் வைத்துக் கொடுத்தால் மாஸ்டருக்குத் தனிக் கெத்து. கல்யாணம் முடிந்து ஆயிரத்தொன்று கொடுப்பதைவிட இது அதிகம் வேலை செய்கிறது என்பது என் அனுபவம். ரசத்திலேயே தெரியும்.

பணம் போக வேண்டியது அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கு. உதவிச் சமையல் ஆட்களுக்குத் தலைக்கு இருநூறு, பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் அதே இருநூறு. சிலர் தேய்க்கிறவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். ஆள் இறங்கி நிற்கும் அளவு அண்டாக்கள், அடி பிடித்த பால்கோவா, தேங்காய் நாரும் சாம்பலும். மேடையில் தாலி கட்டும்போதும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கெட்டிமேளச் சத்தம் கேட்டு ஒரு அக்கா ஈரக் கையோடு நிமிர்ந்து, "ஆச்சா?" என்று என்னிடம் கேட்டார். ஆச்சு என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"நாதஸ்வர செட்டுக்கு எப்பக் குடுக்கறது, எப்படிக் குடுக்கறது?"

நாதஸ்வரம், தவில் ரெண்டு பேருக்கும் ஐந்நூற்றொன்று, தாளம், சுருதிப்பெட்டிக்கு இருநூற்றொன்று, எல்லாருக்கும் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊரைச் சுற்றி நடக்க விட்டிருந்தால் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். ரிசப்ஷனில் உறவுக்காரர் யாராவது சினிமாப் பாட்டு கேட்டு வாசிக்கச் சொன்னால் அதற்கான காசு கேட்டவர் பாக்கெட்டிலிருந்து. என் பையிலிருந்து கிடையாது.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தரமாட்டார்கள். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார். அதோடு நோட்டைப் பிடிக்க முடியாது. இடது கையால் வாங்குவதும் அவருக்குச் சங்கடம். நான் முதல்முறை கவரை நீட்டியபோது, அவர் என் முகத்தைப் பார்த்து, தலையை ஆட்டி, பக்கத்தில் இருந்த துணிப்பையைக் கண்ணால் காட்டினார். கூட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடும் வரை காத்திருந்து கொடுங்கள். ரெண்டு நிமிஷம்தான்.

"ஐயருக்குத் தட்சணை பேசியாச்சு. தட்டுல மறுபடியும் காசு வைக்கச் சொல்றாரே?"

சடங்குக்கு நடுவில் வைக்கச் சொல்லும் சின்னச் சின்னத் தட்சணை பேசின தொகையில் அடங்குமா அடங்காதா என்பதை நிச்சயம் பண்ணும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் விட்டால் மேடையில் ஒவ்வொரு முறையும் பெண்ணோட அப்பா கூட்டத்தில் என்னைத் தேடுவார். நான் பத்து ரூபாய் நோட்டு ஒரு கட்டும் ஒரு ரூபாய் நாணயங்களும் ஒரு சின்னத் தட்டில் போட்டு மேடையிலேயே வைத்துவிடுவேன். கலசச் சொம்பு, அதன் அடியில் பரப்பிய அரிசி, தேங்காய், வேட்டி இவை புரோகிதருக்குப் போவது வழக்கம். அதில் கணக்குப் பார்க்க வேண்டாம். கூட வந்த உதவியாளர்களை மறக்காதீர்கள், தலைக்கு இருநூறு.

புரோகிதர் இல்லாத கல்யாணமும் உண்டு. சுயமரியாதைத் திருமணத்தில் தலைமை தாங்குகிறவருக்குப் பணம் நீட்டக் கூடாது. சால்வை அல்லது புத்தகம் போதும், வண்டி ஏற்பாடு செய்து வழியனுப்புங்கள். 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 7ஏ பிரிவைச் சேர்த்த நாளிலிருந்து அது முழுச் சட்டப்படியான கல்யாணம், "அப்ப ஐயர் காசு மிச்சம்தானே" என்று அவர் காதில் விழும்படி பேசாதீர்கள். கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் அருமைக்காரர் என்ற பெரியவர் சீர், சடங்குகளை நடத்துவார், மங்கல வாழ்த்துப் பாட்டை நாவிதர் சொல்வார். அத்தனை நீளப் பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறவருக்குச் சில இடங்களில் பழைய பழக்கத்தில் ஒரு துண்டும் ஐம்பது ரூபாயும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கரூரில் நான் பை வைத்திருந்தபோது மேளக்காரருக்குக் கொடுத்ததையே அவருக்கும், அதே மாதிரித் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பங்காளி ஒருவர் முறைத்தார். முறைக்கட்டும்.

"போட்டோகிராபர் லட்சக்கணக்குல வாங்குறார், அவருக்குமா?"

முதலாளிக்கு வேண்டாம். லைட் பிடிக்கிற பையன், டிரோன் விடுகிறவர், எல்இடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், இவர்களுக்குத் தலைக்கு இருநூறு. ஆனால் இவர்களுக்குக் காசைவிடச் சாப்பாடுதான் பெரிய விஷயம். விடிகாலை நாலு மணிக்கு மேக்கப் ரூமில் ஆரம்பித்தவர்கள், கடைசிப் பந்தியில் வந்து உட்கார்ந்தால் வடை தீர்ந்திருக்கும், பாயசம் தீர்ந்திருக்கும். ரெண்டாவது பந்தியில் நாலு இலை ஒதுக்கி, முறை வைத்து வரச் சொல்லுங்கள். "உங்களுக்கு இலை போட்டிருக்கு" என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டதை ஒரு கேமராமேன் ரெண்டு வருஷம் கழித்து வேறொரு கல்யாணத்தில் என்னிடம் நினைவுபடுத்தினார்.

"மேக்கப் போட வர்றவங்களுக்கு?"

கடை வைத்திருக்கும் பியூட்டிஷியனுக்குத் தேவையில்லை. கூட வந்து சேலை மடிப்பு எடுக்கிற, தலையில் பூ வைத்துப் பின்னுகிற பெண்ணுக்கு முந்நூறு. இதைப் பெண்ணோட அம்மாவோ அத்தையோ கொடுப்பதுதான் சரி, நான் உள்ளே போவதில்லை.

"டிரைவருக்கு பேட்டா போக எவ்வளவு?"

ஆளை ஏற்றி இறக்கும் வேன் டிரைவருக்கு இருநூறு, மணமக்கள் கார் டிரைவருக்கு முந்நூறு. சாப்பிட்டாரா என்று கேளுங்கள். வண்டியை விட்டு வரமுடியாமல் நிற்பார்.

"மண்டபத்துல யார் யாருக்குக் குடுக்கணும்? அட்வான்ஸ்ல கிளீனிங் காசு பிடிச்சுட்டாங்களே."

கிளீனிங் சார்ஜ், ஜெனரேட்டர் டீசல், கரண்ட் யூனிட் எல்லாம் மண்டப ஆபீசுக்குப் போகிற காசு. துடைப்பம் பிடிக்கிறவருக்கு அதில் தனியாக ஒன்றும் வராது. பாத்ரூம் சுத்தம் பண்ணுகிறவருக்கு முந்நூறு, பெருக்குகிறவர்களுக்கு இருநூறு, வாட்ச்மேனுக்கும் எலக்ட்ரீசியனுக்கும் முந்நூறு. பாத்ரூம் ஆளுக்கு மட்டும் பாதியை முதல் நாளே கொடுத்துவிடுவேன். இதை லஞ்சம் என்று என் தம்பி சொல்வான். ரிசப்ஷன் அன்று ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வந்து பேசட்டும்.

மேனேஜருக்குக் கொடுக்க வேண்டாம். காலி பண்ணும்போது அவர் மீட்டர் பார்க்கும் இடத்துக்கு நீங்களும் போய் நில்லுங்கள். வந்த அன்று மீட்டரை போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

"ஸ்டார் ஹோட்டல்ல வெச்சிருக்கோம். பில்லுலயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருக்கான், அதுக்கு மேலயுமா?"

ஜிஎஸ்டி அரசாங்கத்துக்கு, சர்வீஸ் சார்ஜ் ஹோட்டலுக்கு, டிப்ஸ் ஆளுக்கு. ஹோட்டலும் ரெஸ்டாரன்ட்டும் சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் புக் பண்ணும்போதே இந்த சர்வீஸ் சார்ஜ் எதற்கு என்று கேளுங்கள். எடுக்கவைத்தால் அந்தக் காசை ஆட்களுக்குக் கையில் கொடுக்கலாம். நீங்களே சம்மதித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், மேலே கொடுப்பது உங்கள் விருப்பம்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா? யார் குடுக்கறது?"

யார் அழைத்து வந்தார்களோ அவர்கள். ரிசப்ஷன் மாப்பிள்ளை வீட்டுச் செலவென்றால் அன்று ராத்திரி ஆட்கள் அவர்கள் பொறுப்பு. சிக்கல் எங்கே வருமென்றால், ரெண்டு வீடும் கொடுத்துவிட்டதாக ரெண்டு வீடும் நினைத்துக்கொள்ளும். நான் முதல் நாளே எதிர்ப் பக்கத்துப் பைக்காரரைத் தேடிப்பிடித்து, காபி குடித்துக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டில் பிரித்து எழுதிக்கொள்வேன். எல்லாக் கல்யாணத்திலும் அந்தப் பக்கம் என்னை மாதிரி ஒருத்தர் இருப்பார், தோள்பையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆரத்தித் தட்டில் போடும் காசு இந்தக் கணக்கில் வராது. அது ஆரத்தி எடுத்த பெண்களுக்கு.

"மிஞ்சின தேங்காய், காய்கறியை சமையல் ஆளுங்க எடுத்துட்டுப் போறாங்க. கேக்கலாமா?"

இலைக் கணக்கில் பேசியிருந்தால் சாமான் காண்ட்ராக்டருடையது, நாம் கேட்க ஒன்றுமில்லை. கூலிக்கு மட்டும் பேசி, மளிகையும் காயும் நாம் வாங்கிப் போட்டிருந்தால் மிச்சம் நம்முடையது. அந்தக் கணக்கிலும் நான் எண்ணெய், முந்திரி, நெய் மூன்றை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதியைத் தேய்க்கிறவர்கள், இலை எடுக்கிறவர்கள், மண்டபத்து ஆட்கள் எல்லாருக்கும் நானே பிரித்துக் கொடுத்துவிடுவேன். நாம் பிரிக்காவிட்டால் பலமான ஆள் மூட்டையோடு போய்விடுவார். ஆனால் ஒன்று, மேலே சொன்ன இருநூறுக்குப் பதிலாகப் பூசணிக்காயைக் கொடுக்காதீர்கள்.

"சாம்பார் காலை வாரிடுச்சு, சம்பந்தி வீட்டுல முகம் சுளிச்சுட்டாங்க. அப்பவும் குடுக்கணுமா?"

சாம்பாருக்குப் பரிமாறுகிற பையன் என்ன செய்வான்? அவனுக்கும் தேய்க்கிறவர்களுக்கும் வழக்கம்போலக் கொடுங்கள். மாஸ்டருக்கு நினைத்திருந்த தட்டை நிறுத்திவிடலாம், நானும் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன். பேசின பாக்கியில் பிடிப்பதாக இருந்தால் காண்ட்ராக்டரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். அன்பளிப்பைக் குறைத்துக் கோபத்தைக் காட்டினால், அடி விழுவது வேறு முதுகில்.

"பரிமாற வந்த பையனைப் பாத்தா பன்னெண்டு, பதிமூணு வயசுதான் இருக்கும். கூடக் கொஞ்சம் குடுத்துடவா?"

இது டிப்ஸ் விஷயமே இல்லை. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016 திருத்தத்துக்குப் பிறகு எந்தத் தொழிலிலும் குற்றம். சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளிக்கூட நேரம் போக, உதவியாக இருப்பதற்கு விலக்கு உண்டு. நம் கல்யாணம் அவன் குடும்பத் தொழில் இல்லை. காண்ட்ராக்ட் பேசும் அன்றே "சின்னப் பசங்களைக் கூட்டிட்டு வரக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். அப்படியும் வந்திருந்தால் வாளியை வாங்கி வைத்துவிட்டு, முதல் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். யாரோடு வந்தான், எந்த ஊர் என்று விசாரியுங்கள். பதில் சரியாக இல்லையென்றால் 1098க்கு போன் பண்ணுங்கள். கல்யாண நாளில் எதற்கு வம்பு என்று பக்கத்தில் ஒருவர் சொல்லத்தான் செய்வார்.

"எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு, ஒருத்தரை மறந்துட்டோம். இப்ப என்ன பண்றது?"

போன் நம்பர் இருந்தால் அன்றைக்கே கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் நமக்கும் மறந்துவிடும். இதற்காகத்தான் வேலைக்கு வரும் எல்லாருடைய நம்பரையும் முதல் நாளே ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன்.

அப்படியும் ஒருமுறை பூக்கார அம்மாவை விட்டுவிட்டேன். காலை நாலு மணிக்கு மாலையோடு வந்து, மாற்று மாலை ஒன்று அறுந்துபோனதைப் பார்த்துவிட்டு, மண்டபத் திண்ணையிலேயே உட்கார்ந்து மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டுப் போனவர். மூன்றாம் நாள் நினைவு வந்து கூப்பிட்டேன். "அதுக்கென்ன தம்பி, வளைகாப்புக்குப் பூ நம்மகிட்டயே சொல்லுங்க, அப்பச் சேத்து வாங்கிக்கறேன்" என்றார். பதினோரு மாசம் கழித்து வாங்கிக்கொண்டார். மறக்காமல் கேட்டு.